சொல்லி விற்க வேண்டிய நல்ல காரியம்



மே 5, வணிகர் தினம். அதையொட்டி நம் கோவில்பட்டியில் நடக்கிற இந்தக் கூட்டத்தில் ‘சிறு வணிகமும் சுற்றுச்சூழலும்’ என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் புத்திமதி சொல்லிவிட்டுப் போவார்கள். பிளாஸ்டிக்கை விடுங்கள், கரண்டை மிச்சம் பிடியுங்கள், தண்ணீரைக் கெடுக்காதீர்கள் என்பார்கள். எல்லாம் சரிதான். ஆனால் கீழே உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சியின் மனதில் ஓடுவது ஒரே கேள்வி: “இதுக்கெல்லாம் ஆகிற செலவை யாரு தாரது?” நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்கக் கூடாது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிச் செலவு தானாகவே திரும்பி வந்துவிடும். மீதியை வாடிக்கையாளர் தருவார், மனதாரத் தருவார். ஆனால் அவரிடம் எடுத்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். நம் கடைகளுக்கு நல்ல பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கப் போகிறவர்கள், அதைச் சொல்லி விற்கும் திறமையையும் சேர்த்தே கற்றுக்கொடுக்க வேண்டும். முதலாவதை மட்டும் கொடுத்தால் அது வணிகர் தலையில் ஏற்றிய சுமையாகவே நின்றுவிடும்.

மஞ்சப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. 2022 ஜூலை 1 முதல் இந்தியா முழுக்கவும் ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தடை வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானுக்குக் குறைந்த பிளாஸ்டிக் பை எங்குமே கூடாது என்றார்கள். சட்டத்துக்குப் பஞ்சமில்லை. இன்று சாயங்காலம் கடைவீதி வழியாகத்தான் நடந்து வந்தேன். பூக்கடையில் கவர் தொங்குகிறது, காய்கறிக் கடையில் கொத்தாகத் தொங்குகிறது. இவர்கள் சட்டத்தை மதிக்காதவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். கவர் இல்லை என்றால் வந்த ஆள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவாரே என்ற பயம், அபராதப் பயத்தைவிடப் பெரிது.

ஒரே தெருவில் இரண்டு மளிகைக் கடைகளில் பார்த்ததைச் சொல்கிறேன். முதல் கடையில் ஒரு அம்மா சீனியும் துவரம்பருப்பும் வாங்கிவிட்டுப் பை கேட்டார். பில் போட்டுக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமல், “கவர்லாம் கெடையாது” என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரி. அந்த அம்மா பருப்பை அங்கேயே வைத்துவிட்டு, சீனியை மட்டும் சேலை முந்தானையில் பிடித்துக்கொண்டு போனார். இரண்டாவது கடையில் கல்லாவில் ஒரு ஆச்சி. “பை கொண்டாரலையா மதினி? இந்தா, துணிப்பையில போட்டுத் தாரேன். பத்து ரூவாதான். அடுத்த தடவை இதே பையைக் கொண்டாங்க, பத்து ரூவாயைக் கழிச்சுக்கிடுதேன்” என்றார். வந்தவர் பையை வாங்கினார். கை காலியாக இருந்ததால் அரைக் கிலோ கருப்பட்டியும் சேர்த்து வாங்கினார்.

அந்த ஆச்சி செய்ததை நிதானமாகப் பாருங்கள். ‘இல்லை’ என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. முகத்தைப் பார்த்துப் பேசினார். விலையை ஒளிக்காமல் சொன்னார். அடுத்த தடவையும் இதே கடைக்கு வருவதற்கு ஒரு காரணத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார். பெரிய கம்பெனிகள் பணம் கட்டி ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற விற்பனைப் பாடம் இதுதான். ஆச்சி எந்த வகுப்புக்கும் போனவர் இல்லை, அவருக்குக் கைவந்திருக்கிறது. கைவராதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்பதுதான் என் வாதம். கல்லாவில் நிற்கிற பையனுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி, பை கேட்டால் என்ன சொல்ல வேண்டும், விலை கூடியதற்கு என்ன காரணம் சொல்ல வேண்டும் என்று பேசிப் பழக்கினால் போதும்.

நம் ஊர்ப் பெயரை நாடெங்கும் கொண்டுபோகிற பொருளுக்கு வருகிறேன். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தக் கரிசல் மண்ணில் விளைந்த கடலை, தேர்ந்தெடுத்த வெல்லம், தாமிரபரணித் தண்ணீர் என்று அதற்கு ஒரு வரலாறே எழுதி அங்கீகாரம் வாங்கியிருக்கிறோம். நம் பேருந்து நிலையத்தில் அதை விற்கிறவரிடம் இதில் ஒரு வரியாவது போய்ச் சேர்ந்திருக்கிறதா? “கடலை மிட்டாய், கடலை மிட்டாய்” என்று கூவுகிறார்கள், அவ்வளவுதான். எந்த ஊர்ப் பேருந்து நிலையத்திலும் அப்படித்தான் கூவுகிறார்கள். நம்முடையதற்கும் மற்றதற்கும் என்ன வேறுபாடு என்று வாங்குகிறவருக்கு யார் சொல்வது?

இன்னொன்றும் இருக்கிறது. புவிசார் குறியீடு கிடைத்துவிட்டால் ஊரில் உள்ள எல்லோரும் அந்த முத்திரையை ஒட்டிக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தயாரிக்கிற ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனித்தனியே பதிவு செய்ய வேண்டும். பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். வீட்டோடு சேர்ந்த கொட்டகையில் பாகு காய்ச்சுகிற ஒரு சிறு தயாரிப்பாளர் இந்தப் படிவத்தோடு தனியாக அலைய முடியாது. வணிகர் சங்கம்தான் அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

கடலை மிட்டாயைப் பொதிகிற விஷயத்தில் நேர்மையாகப் பேச வேண்டும். வெல்லப் பாகு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், மிட்டாய் பிசுபிசுத்துப்போகும். அதனால்தான் பிளாஸ்டிக் உறை வந்தது. இதை அறியாமல் “காகிதத்தில் கட்டுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போவது பொறுப்பற்ற பேச்சு. ஆனால் உள்ளூரில் வாங்கி இரண்டு மூன்று நாளில் தின்று தீர்க்கிறவருக்கும் அதே உறை எதற்கு? அவருக்குக் கண்ணாடி ஜாடியிலிருந்து எடுத்து, பட்டர் பேப்பர் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்துக் கொடுக்கலாம். வீட்டிலிருந்து டப்பா கொண்டுவந்தால் விலையில் கொஞ்சம் குறைக்கலாம். ஈரம் புகாத உறை வெளியூருக்குப் போகிற சரக்குக்கு மட்டும் இருக்கட்டும். யார் எங்கே எத்தனை நாள் வைத்துத் தின்பார் என்று கேட்டு விற்றால் உறையும் மிச்சம், வந்தவரோடு பேச்சும் வளரும்.

அதே சமயம், பழையதெல்லாம் நல்லது என்று திரும்பிப் போகவும் கூடாது. பிளாஸ்டிக்கை விட்டுவிட்டேன் என்று வடையைச் செய்தித்தாளில் வைத்துக் கொடுக்கிறார்கள். அச்சு மையில் உடம்புக்கு ஆகாத வேதிப்பொருட்கள் உண்டு. சூடான எண்ணெய்ப் பலகாரத்தில் அது ஒட்டும். உணவுப் பாதுகாப்பு விதிகளில் செய்தித்தாளில் உணவைப் பொதியக் கூடாது என்றே இருக்கிறது. வாழையிலைத் துண்டு வையுங்கள், அச்சில்லாத தாளை வையுங்கள்.

பலகாரக் கடை என்றதும் எண்ணெயைச் சொல்லாமல் இருக்க முடியாது. காய்ச்சிய எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் போலார் சேர்மங்கள் கூடும். அது 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை 1 முதல் விதி. அப்படிக் கழிகிற எண்ணெயை வாங்கி பயோடீசலாக மாற்றும் திட்டமும் அந்த ஆண்டிலேயே தொடங்கியது. நம் சேவுக் கடைகளில் கழிகிற எண்ணெய் எங்கே போகிறது? சாக்கடைக்குப் போனால் தண்ணீர் கெடும், மலிவு விலைக்கு இன்னொரு அடுப்புக்குப் போனால் ஏழையின் வயிறு கெடும். ஒரு கடைக்காரர் இரண்டு லிட்டருக்கு வண்டியை வரச்சொல்ல முடியாது. இருபது கடைகள் ஒரே கேனில் சேர்த்தால் பதிவுபெற்ற நிறுவனத்தின் வண்டி வரும். புது எண்ணெய் ஊற்றுகிற கடைக்காரர் அதை ஏன் தனக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்? “இன்றைய எண்ணெய் இன்று காலை ஊற்றியது” என்று சட்டிக்குப் பக்கத்தில் ஒரு பலகை வையுங்கள். பிள்ளைக்கு வாங்குகிற தாய் இரண்டு ரூபாய் கூடக் கொடுத்து உங்களிடம் வாங்குவாள். ஆனால் பலகையில் எழுதியது உண்மையாக இருக்க வேண்டும். சான்று இல்லாமல் ‘இயற்கை விளைச்சல்’ என்று உறையில் அச்சடிப்பதும் அப்படித்தான். ஒரு கடையின் பொய் தெரு முழுக்க உள்ள கடைகளின் பேரைக் கெடுத்துவிடும்.

தானாகவே திரும்பி வரும் செலவு என்றேன், அதற்கு ஒரு கணக்கு. பழைய சீலிங் ஃபேன் 75 வாட். இப்போது வருகிற பி.எல்.டி.சி. ஃபேன் 28 வாட் அளவில் ஓடுகிறது. கடை ஒரு நாளைக்கு 12 மணி நேரம் திறந்திருந்தால் ஒரு ஃபேனில் மாதம் 17 யூனிட் மிச்சம், மூன்று ஃபேன் என்றால் 50 யூனிட். குளிர்பானப் பெட்டிக்குக் காசே வேண்டாம். கதவின் இடுக்கில் ஒரு தாளை வைத்துக் கதவை மூடுங்கள். இழுத்தால் சுலபமாக வந்துவிட்டது என்றால், கதவோரத்து ரப்பர் போய்விட்டது, உள்ளே இருக்கிற குளிர் இரவும் பகலும் வெளியே கசிகிறது என்று பொருள். பின்புறக் கம்பிச் சுருளில் அப்பியிருக்கும் தூசியைத் தட்டுவது வாரத்தில் ஐந்து நிமிட வேலை.

தீப்பெட்டித் தொழிலிலிருந்து வந்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு ரூபாயாக இருந்த தீப்பெட்டி 14 ஆண்டுகள் கழித்து, 2021 டிசம்பர் 1-இல்தான் இரண்டு ரூபாய் ஆனது. அந்த 14 ஆண்டில் மெழுகும் அட்டையும் குச்சியும் ரசாயனமும் எவ்வளவு ஏறின என்பது உங்களுக்குத் தெரியும். அதற்குள் பிளாஸ்டிக் லைட்டர் சந்தையில் இடம் பிடித்துவிட்டது. 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதியை 2023 ஜூனில் அரசு தடுத்தது. தடை கேட்டுப் போராடினீர்கள், வென்றீர்கள், பாராட்டுகிறேன். ஆனால் வாங்குகிறவரிடம் ஒரு வார்த்தை பேசினோமா? எரிந்து முடிந்தால் குச்சி சாம்பல், பெட்டி மக்கும் அட்டை. தீர்ந்துபோன லைட்டர் மக்காமல் மண்ணில் கிடக்கும். இதைச் சொல்ல உங்கள் கையில் ஒவ்வொரு பெட்டியின் முகமும் இருக்கிறது. புலியும் சேவலும் அச்சடித்த இடத்தின் ஓரத்தில் இந்த ஒரு வரிக்கு இடம் இல்லாமலா போகும்?

இங்கேதான் கூட்டத்துக்கு வந்திருக்கும் வாசகர் வட்டத்து நண்பர்களுக்கு வேலை வருகிறது. கரிசல் வட்டாரச் சொற்களை அகராதியாகவே தொகுத்துத் தந்த எழுத்தாளர் கி.ரா.வின் இடைசெவல் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த மண்ணில் எழுதுகிறவர்கள் கடைப் பலகைக்கும் மிட்டாய் உறைக்கும் நாலு நல்ல வரி எழுதித் தருவதைக் குறைவாக நினைக்கக் கூடாது. பத்துச் சொல்லில் ஒரு பொருளின் தரத்தைச் சொல்வது எழுத்தாளருக்கும் சவால்தான்.

சுற்றுச்சூழலைக் கவனிக்காமல் காலம் தாழ்த்தினால் என்ன ஆகும் என்பதைத் திருப்பூரிடம் கேட்க வேண்டும். சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் இறங்கி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, பாசனத்துக்கென்று கட்டிய அணை உழவருக்கு எதிரியாகவே ஆனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. எத்தனை குடும்பங்களின் பிழைப்பு ஒரே நாளில் நின்றது! பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சேர்ந்து, ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத முறைக்கு மாறித்தான் தொழில் எழுந்தது. தண்ணீரையும் உப்புக் கரைசலையும் மீட்டுத் திரும்பவும் சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். இன்று அதையே தங்கள் பெருமையாக வெளிநாட்டு வாங்குநரிடம் எடுத்துச் சொல்கிறார்கள். தனி ஆலையாக நின்ற சிறியவர்களால் அது முடிந்திருக்காது. சேர்ந்ததால் முடிந்தது.

கையில் பணம் இல்லாமல் எந்த மாற்றமும் நடக்காது என்பதையும் நான் மறக்கவில்லை. பெரிய கடைக்குச் சரக்குப் போட்டுவிட்டு நான்கு மாதம் காத்திருக்கிற தயாரிப்பாளரிடம் புது மெஷின் வாங்கச் சொல்ல எனக்கு வாய் வராது. 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டம் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. ‘உத்யம்’ என்ற அரசுப் பதிவு உள்ள சிறு தயாரிப்பாளர் இதைக் கேட்டுப் பெறலாம். வாங்கி விற்கிற கடைக்காரர்களுக்கு 2021-இல் உத்யம் பதிவு திறந்தாலும், அது கடன் வசதிக்கு மட்டும்தான், இந்த 45 நாள் பாதுகாப்பு அவர்களுக்குச் சேராது. அவர்களுக்கும் அது வேண்டும் என்று கேட்பது சங்கத்தின் கோரிக்கைகளில் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மகளிர் குழுக்கள் தைக்கிற துணிப்பையைச் சங்கமே மொத்தமாக வாங்கட்டும். எந்தக் கடையில் வாங்கிய பையை எந்தக் கடையில் கொடுத்தாலும் பத்து ரூபாயைக் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு தெருவில் மட்டும் முதலில் தொடங்கிப் பார்ப்போம். கடைப் பையன்களுக்கும் கல்லாவில் இருக்கிற ஆச்சிமார்களுக்கும் மாதம் ஒரு விற்பனை வகுப்பு நடத்துவோம். சம்மதித்தால் அந்த இரண்டாவது கடை ஆச்சியையே முதல் வகுப்பு எடுக்க அழைப்போம். வாசல் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். போகிறபோது கடைப் பெயரையும் நீங்கள் கடை அடைக்கிற நேரத்தையும் எழுதிவிட்டுப் போங்கள். வகுப்பை அதற்குப் பிறகு வைத்துக்கொள்வோம்.