சாவி திரும்பாத ஆம்னி

1984-ல் மாருதி வேனாக வந்து, பிறகு ஆம்னி ஆன வண்டி. 2019-ல் தயாரிப்பு நின்றாலும் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டு இன்னும் ஓடுகிறது. அதில் சில நாள் சாவி திரும்பாது. அழுத்தித் திருக வேண்டாம். உள்ளேயே முறிந்துவிடும்.

முதலில் ஸ்டீயரிங்கைக் கவனியுங்கள். சக்கரம் ஒருபக்கமாக ஒடித்து நின்றால் ஸ்டீயரிங் லாக் இறுகிக்கொள்ளும். ஒரு கையால் ஸ்டீயரிங்கை மெல்ல ஆட்டிக்கொண்டே, மறு கையால் சாவியைத் திருப்பினால் பெரும்பாலும் விட்டுவிடும்.

அப்போதும் மக்கர் செய்கிறதா? பீரோவில் கிடக்கும் மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள். அது சுலபமாகத் திரும்பினால், தேய்ந்தது பழைய சாவியின் பல்தான்.

இரண்டுமே திரும்பாவிட்டால் கோளாறு பூட்டில். எண்ணெய் விட வேண்டாம். தூசி ஒட்டிப் பிசுக்காகிவிடும். கிராஃபைட் பொடி கொஞ்சம் தூவலாம். அதற்கும் அசையாவிட்டால் மெக்கானிக்கிடம் சொல்லிப் பூட்டையே மாற்ற வேண்டியதுதான்.