பூவைச் சுமையாக்காதீர்கள்

(நமது அறக்கட்டளையின் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





நிக்காஹ் வீட்டுப் பூச்செலவைப் பற்றிப் பேசப் போகிறேன். இதெல்லாம் ஒரு விஷயமா என்று சிலருக்குத் தோன்றலாம். திருமண உதவி கேட்டு வருகிறவர்களின் செலவுப் பட்டியலைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. மஹருக்கு எழுதிய தொகையைவிட மேடை அலங்காரத்துக்கு எழுதிய தொகை பெரிதாக இருக்கிறது. அந்தப் பணம் குழுக் கடனிலும் வார வட்டியிலும் வருகிறது. காலையில் வைத்த பூ ராத்திரி வாடிவிடும். வட்டி அப்படிப் போகாது.

பூ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நறுமணச் செடியை யாராவது கொடுத்தால் மறுக்க வேண்டாம், அது சுமக்க இலகுவானது, மணமும் நல்லது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. இலகுவான ஒன்றைப் பெண்ணைப் பெற்றவன் தலையில் சுமையாக ஏற்றுவதுதான் தவறு.

முதலில் தேதி. மதுரை மாட்டுத்தாவணியிலும் தோவாளையிலும் முகூர்த்த நாளில் மல்லிகை விலை ஏறும், அடுத்த நாளே இறங்கும். நமக்கு முகூர்த்தம் பார்க்கும் கட்டாயம் இல்லை. நாட்காட்டியைப் பார்த்து முகூர்த்தம், பண்டிகை, கோவில் கொடை இல்லாத நாளை வையுங்கள். பூவும் மண்டபமும் சேர்ந்து குறையும். மார்கழிப் பனியில் மல்லிகை வரத்து குறைந்து விலை கூடும். அப்போது மேடைக்குச் செவ்வந்தி, சம்பங்கி போதும், மல்லிகையைப் பெண்ணின் தலைக்கு மட்டும் வாங்குங்கள்.

இரண்டாவது, எது வேண்டும் என்று எழுதுங்கள். பெண்ணுக்குத் தலைப்பூ, மாப்பிள்ளைக்கு ஒரு மாலை, மேடைக்குப் பின்னால் ஓர் அலங்காரம், வாசலில் தோரணம். இதற்கு மேல் வேண்டியதில்லை.

மூன்றாவது, வேலையைப் பிரியுங்கள். முந்தின நாள் மாலை வெள்ளைத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, தென்னங்குருத்தில் தோரணம் பின்னிவிடலாம். கேந்திப் பூவை ஊசி நூலில் கோத்து நிழலில் தொங்கவிட்டு லேசாகத் தண்ணீர் தெளித்தால் மறுநாள் வரை நிற்கும். ரோஜாவைக் கட்டாக வாங்கினால், காம்பைச் சாய்வாக நறுக்கி, தண்ணீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிட்டு, வாளித் தண்ணீரில் நிறுத்துங்கள். மல்லிகையை மட்டும் அன்று காலையில் மொட்டாக வாங்குங்கள். வாழைநாரை நனைத்து மாமிமாரும் சாச்சிமாரும் உட்கார்ந்து கட்டினால் சீக்கிரம் முடிந்துவிடும். கட்டிய சரத்தை வாழை இலையில் பொதிந்து ஈரத்துணி போட்டு வையுங்கள். தண்ணீரில் முக்கினால் கருத்துப்போகும். நம் கரிசல் காட்டு வெயிலுக்கும் காற்றுக்கும் எந்தப் பூவும் தாங்காது. அதனால் பூவை ஃபேனுக்கு நேரே வைக்காதீர்கள், மேடையில் கடைசி இரண்டு மணி நேரத்தில் கட்டுங்கள்.

மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. மேடை இப்படித்தான் இருக்க வேண்டும் என்று படம் அனுப்பிவிட்டு, பில்லைப் பெண் வீட்டுக்குத் தள்ளுவது நியாயமில்லை. மஹரும் வலீமாவும் மாப்பிள்ளையின் பொறுப்பு. ஆசைப்படுகிற அலங்காரத்துக்கும் அவரே கொடுக்கட்டும். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பெண் வீட்டார் அஞ்ச வேண்டாம். அந்த நாலு பேரில் ஒருவரும் தவணை கட்ட வரமாட்டார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கழற்றி மாட்டும் இரும்புச் சட்டம் ஒன்று, வெள்ளைத் துணி இரண்டு, வாளிகள், ஊசிகள் இவற்றை அறக்கட்டளையில் வாங்கி வைத்து, வாடகையின்றிக் கொடுக்கலாம் என்று நிர்வாகக் குழுவில் கேட்கப் போகிறேன். வசதியுள்ளவர்கள் முதலில் இதை எடுத்து உபயோகியுங்கள். அப்போதுதான் இல்லாதவர்கள் கூச்சமின்றிக் கேட்பார்கள்.

கடனில்லாத நிக்காஹ்களை அல்லாஹ் நம் வீடுகளுக்குத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.