எழுத்தும் எண்ணெயும்

மாலையில் வகுப்பு முடிந்ததும் பாளையங்கோட்டையிலோ நெல்லைச் சந்திப்பிலோ சுடச்சுட வடை வாங்குகிறீர்கள். கடைக்காரர் பழைய செய்தித்தாளில் பொதிந்து தருகிறார். மிஞ்சிய எண்ணெயையும் அத்தாளிலேயே ஒற்றி எடுக்கிறீர்கள். இதனால் என்ன தீங்கு என்று நீங்கள் கேட்கலாம்.

செய்தித்தாளை விரலால் தேய்த்துப் பாருங்கள், விரல் கறுக்கும். ஏன்? செய்தித்தாள் மை பெரும்பாலும் காய்ந்து இறுகுவதில்லை. கனிம எண்ணெயில் கரியைக் குழைத்துச் செய்த மையைத் தாள் உறிஞ்சிக்கொள்கிறது, அவ்வளவே. எண்ணெய் எண்ணெயோடு எளிதிற் கலக்கும். சூடு அதனை விரைவுபடுத்தும். ஆகவே, ஆறிய ரொட்டியைக் காட்டிலும் சூடான வடையே மையை மிகுதியாக ஏற்கும். மையில் ஈயம் முதலிய உலோகங்களும் இருக்கக்கூடும். ஈயம் வளரும் பிள்ளைகளின் மூளைக்குக் கேடு செய்வது. அன்றியும், வாசலில் விழுந்து, பல கைகள் மாறி, பழைய தாள் கடையில் கிடந்த தாள் நோய்க்கிருமிகளையும் சுமந்து வரும்.

ஒரு நாள் தின்றவுடன் ஒன்றும் நேர்வதில்லை. அதனாலேயே நாம் அஞ்சுவதில்லை. ஆனால் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்வதே இதில் உள்ள இடர்.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016ஆம் ஆண்டிலேயே இதுபற்றி எச்சரித்தது. 2018ஆம் ஆண்டின் பொதிகட்டல் விதிமுறைகள் உணவைச் செய்தித்தாளில் பொதிவதைத் தடைசெய்தன. 2023 செப்டம்பரில் ஆணையம் மீண்டும் அறிவுறுத்த வேண்டியதாயிற்று. விதி வந்தும் வழக்கம் போகாததற்குக் காரணம் யாது? பழைய தாள் மலிவு. அன்றாட வருவாயில் குடும்பம் நடத்தும் கடைக்காரரைப் பழிப்பதால் பயனில்லை; வாங்குவோர் மாறினால் அவரும் மாறுவார்.

நமக்கு மாற்று இல்லையா? தாமிரபரணி பாயும் சேரன்மகாதேவியிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் வாழைத் தோட்டங்கள் உள்ளன. கழுவிய வாழையிலையினும் நல்ல பொதி உண்டோ? ஆயினும் ஒன்று கருதுக: உள்ளே சிறு இலைத்துண்டும் வெளியே செய்தித்தாளும் வைத்துக் கட்டினால், ஓரத்தில் கசியும் குழம்பு தாளைத் தொட்டுவிடும். இலை உணவை முழுதும் மூட வேண்டும்.

வீட்டிலிருந்து ஒரு தூக்குச்சட்டி கொண்டு செல்லுங்கள். அது இல்லாத நாளில், “அண்ணாச்சி, தாள் வேண்டாம், இலையில் தாருங்கள்” என்று பணிவோடு கேளுங்கள். பத்துப் பேர் நாள்தோறும் அவ்வாறு கேட்டால், மறுவாரம் அக்கடையில் இலைக்கட்டு வந்துவிடும். செய்தித்தாளைப் படித்து முடித்தபின் புத்தகத்திற்கு அட்டை போடுங்கள், உணவுக்கு வேண்டா.