நிலையும் சுவரும்

(சமுதாயக் கல்லூரி ஒன்றில் மரவேலை, வீடு கட்டும் தொழில் வகுப்பின் தொடக்க விழாவில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



தச்சனுக்கு மரம் தெரிந்தால் போதாதா, அவனுக்கு வீடு கட்டும் பாடமும் எதற்கு என்று இவ்விழாவிற்கு வந்த பெரியவர் ஒருவர் வாயிலிலேயே என்னைக் கேட்டார். அதற்குரிய விடையையே இன்று என் பேச்சாக வைத்துக்கொள்கிறேன்.

என் பொறுப்பிலுள்ள ஒன்றியத்தில் சில ஆண்டுகளுக்கு முன்னர், கணவரை இழந்து கூலி வேலை செய்து பிழைக்கும் ஓர் அம்மையாருக்கு அரசு உதவியுடன் வீடு கட்டப்பட்டது. சுவரில் குறையில்லை, கூரையிலும் குறையில்லை. வாசல் நிலை வேப்ப மரம். வெட்டிய ஈரம் உலருமுன்னரே அதனை அறுத்து, இழைத்து, நிறுத்திவிட்டார்கள். சித்திரை வெயிலில் சட்டம் முறுக்கிக்கொண்டது. கழுந்துகள் துளையில் ஆடின. ஐப்பசி மழையிலோ கதவு ஊறிப் பருத்து மூட மறுத்தது. அந்த மழைக்காலம் முழுவதும் அம்மையார் இரவில் கதவிற்கு அம்மிக்கல்லை அண்டை கொடுத்துவிட்டுப் படுத்தார். அவ்வீட்டைப் பார்வையிட்டு, வேலை திருப்தி என்று கையொப்பமிட்டவன் நான். பட்டதாரியாகிய எனக்கு அளவு நாடாவைப் பிடிக்கத் தெரிந்ததேயன்றி, மரத்தைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

பச்சை மரம் உலரும்போது நீளவாட்டில் அநேகமாகச் சுருங்குவதில்லை, குறுக்குவாட்டில் சுருங்கும். அதிலும் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் உண்டாகும் சுருக்கம், மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் உண்டாவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. இந்த ஏற்றத்தாழ்வே சட்டத்தை வளைக்கிறது. ஆகையால்தான் அறுத்த சட்டங்களைக் காற்றோட்டமுள்ள நிழலில், இடையிடையே துண்டுக் கட்டைகளை வைத்து அடுக்குகிறார்கள். அவற்றுள் ஒன்றை வாரந்தோறும் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் மரம் சுற்றியுள்ள காற்றோடு இணங்கிவிட்டது என்று பொருள்.

இதனை அந்தத் தச்சர் அறியாதவர் அல்லர். மரம் காயவில்லை என்று அவர் சொன்னாராம். ஆனால் நிலை நின்றால்தான் சுவரை எழுப்புவேன் என்றார் கொத்தனார். சுவர் எழுந்தால்தான் அடுத்த தவணைப் பணம் வரும் என்று அஞ்சினார் அம்மையார். தச்சர் வாயடைத்துப் போனார். சுவரையும் அறிந்த தச்சராக அவர் இருந்திருப்பின், “திறப்பை அளவாக விட்டுக் கட்டுங்கள், மேலே லிண்டலை ஊற்றுங்கள், மரம் காய்ந்தபின் நிலையை இரும்புக் கிளாம்பு வைத்துப் பொருத்தித் தருகிறேன்” என்று கூறியிருப்பார். சுவரும் நின்றிராது, பணமும் நின்றிராது. பெரியவர் கேட்ட கேள்விக்கு என் விடை இதுதான்.

கூரைக்கும் இது பொருந்தும். கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகையும் முட்டும் தச்சர் கைவேலையாக இருந்து வந்தவை. 2024-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தின் வீடு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. நாலரை மீட்டர் வரை அகலமுள்ள கூரைத் தளத்தில், சாதாரண போர்ட்லண்டு சிமெண்டாயின், 7 நாட்களுக்கு முன் முட்டுகளை எடுத்தலாகாது என்பது இந்தியத் தர விதி. சாம்பல் கலந்த சிமெண்டாயின் அதைவிடக் கூடுதல் நாட்கள் பொறுப்பது நலம். அடுத்த வீட்டிற்குப் பலகை வேண்டும் என்று முன்னதாகவே முட்டைத் தட்டிவிடுபவர்களை நான் கண்டதுண்டு. நாள் கணக்கைச் சொல்லி மறுக்கும் துணிவு படித்த கைக்கு வர வேண்டும்.

சமுதாயக் கல்லூரி என்னும் கருத்து அமெரிக்காவில் பிறந்தது. இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் 1901-இல் தொடங்கிய கல்லூரி அங்குள்ள பொதுச் சமுதாயக் கல்லூரிகளுள் மூத்தது. நம் நாட்டில் 1995-இல் புதுச்சேரியிலும் மறு ஆண்டு சென்னையிலும் இவ்வகைக் கல்லூரிகள் தோன்றின. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் இவ்வகுப்பு மாணவர்கள் கூடி ஒரு மெய்யான வீட்டையே கட்டி முடிக்கிறார்கள். பின்னர் ஒரு குடும்பம் அதில் குடியேறுகிறது. அங்கே வீட்டின் எலும்புக்கூடு பெரும்பாலும் மரம். இங்கே செங்கல்லும் கான்கிரீட்டும். ஆதலின் அவர்களுடைய பாடத்தை அப்படியே பெயர்த்துக்கொள்வதில் பயனில்லை. குடியிருக்கப் போகும் வீட்டில் கைவைத்துக் கற்கும் முறையை மட்டும் கடன் வாங்கலாம்.

உங்களுள் பலர் தச்சுக் குடும்பத்தைச் சேராதவர்கள். பெண்கள் நால்வரும் இருக்கிறீர்கள். உளி பிடிக்கும் கை எந்த வீட்டுக் கை என்று மரம் கேட்பதில்லை. மூலைமட்டத்தையும் தூக்குக்குண்டையும் முதல் வாரத்திலேயே கையில் எடுத்துவிடுங்கள். நிலையின் மூலை விட்டங்கள் இரண்டையும் அளந்து, அவை சமமாக இருந்தால் மட்டுமே நிலையை நகர்த்துங்கள்.

அந்த அம்மையாரின் வாசலுக்குப் புது நிலை செய்ய வேப்பஞ்சட்டங்களைச் சென்ற ஆண்டு தை மாதம் முதல் எங்கள் அலுவலகக் கொட்டகையில் அடுக்கி வைத்திருக்கிறேன். கடந்த மூன்று வாரங்களாக அவற்றின் எடை மாறவில்லை. அதனையே முதற்பயிற்சியாக எடுத்துக்கொள்ள உங்கள் ஆசிரியர் இசைந்துள்ளார். பழைய நிலையைச் செய்த தச்சரும் வந்து கற்றுத்தர ஒப்புக்கொண்டிருக்கிறார். நாளைக் காலை வண்டி வரும்; இறக்குவதற்கு நால்வர் வேண்டும். மழை தொடங்குமுன் நிலை அங்கே நிற்க வேண்டும்.