வாகன அலங்காரமும் உயிர்ப் பாதுகாப்பும்

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இறையருளால் இன்று நம் மஹல்லாவில் பல வீடுகளின் வாசலில் கார் நிற்கின்றது. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால் வாங்கிய சில வாரங்களிலேயே பெரிய டயர், அகன்ற சக்கரம், தாழ்த்திய ஸ்பிரிங் என்று மாற்றங்கள் தொடங்கிவிடுகின்றன. அழகுக்காகச் செய்யப்படும் இவை, வண்டி நிற்பதையும் திரும்புவதையும் எவ்வாறு பாதிக்கின்றன என்பதையே இங்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

முதலாவது, டயர். 175/65 ஆர் 14 அளவுள்ள டயரின் உயரம் ஏறத்தாழ 583 மில்லிமீட்டர். அதற்குப் பதிலாக 195/65 ஆர் 15 பொருத்தினால் உயரம் 634 மில்லிமீட்டராகிவிடும். சக்கரம் ஒருமுறை சுழன்றால் வண்டி முன்னிலும் அதிக தூரம் ஓடும். ஸ்பீடாமீட்டர் அதை அறியாது. முள் 80 காட்டும்போது, அது முன்பு சரியாகக் காட்டியிருந்தால், உண்மை வேகம் 87. வேகம் இவ்வளவு கூடினால் பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் சுமார் 18 விழுக்காடு கூடுகின்றது. பிரேக்கோ பழைய பிரேக்தான். சக்கரம் பெரிதானதால் அதே அழுத்தத்திற்குச் சாலையில் கிடைக்கும் பிடிவிசையும் குறைகின்றது. அதே வண்டிக்கு 185/55 ஆர் 15 எடுத்தால் உயரம் 584 மில்லிமீட்டர்தான். வேறுபாடு மிக அற்பம். ஆகவே பெரிய ரிம் என்பதே தவறன்று. கணக்குப் பாராமல் மாற்றுவதே தவறு. முன்சக்கரத்திற்கு ஓர் அளவும் பின்சக்கரத்திற்கு வேறோர் அளவும் பொருத்தினால், சக்கரங்களின் சுழற்சியை ஒப்பிட்டு இயங்கும் ஏ.பி.எஸ். அமைப்பும் குழம்பக்கூடும்.

இரண்டாவது, ஸ்பிரிங். அதை அறுத்துத் தாழ்த்தினால், மேடுபள்ளத்தில் ஏறி இறங்க அதற்கு இடமிருக்காது. வண்டி இடித்துத் துள்ளும். அத்தருணத்தில் டயர் தரையை விட்டு எழும்பும். தரையைத் தொடாத டயர் பிரேக்குக்கும் உதவாது, ஸ்டீயரிங்குக்கும் உதவாது. மாறாக வண்டியை உயர்த்தினால், திடீரென ஒடிக்கும்போது கவிழும் அபாயம் கூடும்.

மூன்றாவது, சக்கரத்தை வெளியே தள்ளும் ஸ்பேசர். இது பேரிங் மீது கூடுதல் பாரத்தை ஏற்றும். ஒருபக்கச் சக்கரம் மணலிலோ ஈரத்திலோ இருக்கும்போது பிரேக் பிடித்தால், ஸ்டீயரிங் கையிலிருந்து இழுபடவும் செய்யும்.

சட்டமும் இதில் மௌனமாக இல்லை. உற்பத்தியாளர் அளித்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றலாகாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என வகுத்தது. காப்பீட்டு நிறுவனத்திற்கு அறிவிக்காத மாற்றத்தால் இழப்பீடு மறுக்கப்படவும் கூடும்.

அன்பு இளைஞர்களே! மாற்றத்தை முடிவு செய்பவர் ஒருவர். ஆனால் உறவினரை வழியனுப்ப விமான நிலையத்திற்குப் புறப்படும்போது அவ்வண்டியில் தாயும் மனைவியும் மழலைகளும் அமர்கின்றனர். பிரேக் முன்போல் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. மக்தபு விட்டு வரும் சிறார்கள் தெருவைக் கடக்கின்றனர், அவர்களுக்கும் தெரியாது. உயிர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நம்முடையது மட்டுமன்று, அவர்களுடையதும்தான்.

எனவே, டயர் மாற்றுமுன் ஓட்டுநர் கதவோரம் ஒட்டப்பட்டுள்ள அளவையும் காற்றழுத்தத்தையும் படியுங்கள். அலங்காரத்திற்கு ஒதுக்கிய பணத்தில் தேய்ந்த டயரையும் பிரேக் பேடையும் மாற்றுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. குறித்த காலத்தில் அதையும் மாற்றுங்கள். பிள்ளைகளுக்குப் பணம் தரும் தந்தையர், அது எதற்கென்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பயணங்கள் அனைத்தையும் பாதுகாப்பானவையாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.