சிறிய கித்தார் ஒலிபெருக்கி: வால்வும் பெட்டியும்



மெர்போக், செமிலிங், பீடோங் வட்டாரத்துத் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வந்து தாமான்களில் குடியேறிவிட்ட நமது குடும்பங்களிலும் பிள்ளைகள் கித்தார் பழகுவது புதிய செய்தி அன்று. மின்சாரக் கித்தாரை வாங்கிய சில மாதங்களிலேயே, "அப்பா, இதற்கு ஒரு ஒலிபெருக்கி வேண்டும்" என்று பிள்ளை வந்து நிற்கிறான். அப்பா கடைக்குப் போனதும் கேட்கிற முதல் கேள்வி, "இது எத்தனை வாட்?" என்பதுதான். கடைக்காரரும் வாட்டைச் சொல்லி விலையைச் சொல்கிறார். வாட் ஏற ஏற விலையும் ஏறுகிறது.

வாட் எண்ணை மட்டும் பார்த்து, உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொடுத்துவிட வேண்டாம். உள்ளே இருக்கும் வால்வு, ஒலி தரும் ஸ்பீக்கர், அதைத் தாங்கும் பெட்டி ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். நாம் வாசிக்கப் போகும் இடத்திற்கும் அவை பொருந்த வேண்டும். இன்றைய பேச்சில் நாம் சொல்ல விரும்புவது இவ்வளவே.

சிறிய கருவி என்றதும் அதைக் குறைவாக எண்ணிவிடக் கூடாது. 1961-ஆம் ஆண்டில் கிளிஃப் ரிச்சர்டும் 'ஷேடோஸ்' இசைக்குழுவும் சிங்கப்பூருக்கு வந்து இசை நிகழ்ச்சி நடத்தினார்கள். அதற்குப் பின்னர் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் 'குகிரான்' எனப்படும் கித்தார்க் குழுக்கள் ஊருக்கு ஊர் தோன்றின. நமக்கு அண்டையில் உள்ள பினாங்கிலே, 1960-களின் இறுதியில், டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற சகோதரர்களின் 'அலிகேட்ஸ்' குழு பிறந்தது. மலாய்ப் பாடல்களைப் பாடி நாடெங்கும் அவர்கள் புகழ் பெற்றார்கள்.

அந்த 'ஷேடோஸ்' குழுவினர் தொடக்கத்தில் பயன்படுத்திய 'வோக்ஸ் ஏ.சி.15' என்ற ஒலிபெருக்கியின் ஆற்றல் வெறும் 15 வாட்தான். ரசிகர்களின் கூச்சலை மீறிக் கேட்க வேண்டும் என்ற நிலை வந்தபோதுதான் 30 வாட் கருவி செய்யப்பட்டது. அப்படியானால், நம் வீட்டுக் கூடத்திற்கும் ஆலய மண்டபத்திற்கும் எவ்வளவு வேண்டும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இனி வால்வைப் பற்றிச் சிறிது பார்ப்போம். பழைய ரேடியோப் பெட்டியின் பின்புறத்தில் செந்தணலாக ஒளிவிடும் கண்ணாடிக் குழாய்களைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். அவையே வால்வுகள். தண்ணீர்க் குழாயின் திருகை ஒரு சிறு குழந்தையும் விரலால் திருப்பலாம். அதற்குக் கட்டுப்பட்டு ஓடுகிற தண்ணீரோ வாளி வாளியாக வரும். வால்வின் வேலையும் அதுவே. கித்தார்க் கம்பியிலிருந்து வரும் மிகச் சிறிய மின் அசைவு, மின் இணைப்பிலிருந்து வரும் பெரிய ஆற்றலைத் திறந்தும் மூடியும் ஆட்டிவைக்கிறது. கருவியில் முதலில் சிறிய வால்வுகள் ஒலியை வளர்க்கும். கடைசியில் நிற்கும் பெரிய வால்வுகள்தான் ஸ்பீக்கரை இயக்கும் ஆற்றலைத் தரும். அவற்றை ஆற்றல் வால்வுகள் என்போம்.

கித்தார்க் கருவிகளில் பெரும்பாலும் காணப்படுபவை நான்கு வகை. இ.எல்.84 என்பது மெலிந்த, ஒன்பது முள் கொண்ட சிறு வால்வு. ஒன்று மட்டும் இருந்தால் சுமார் 5 வாட்டும், இரண்டு சேர்ந்தால் சுமார் 15 வாட்டும் கிடைக்கும். ஒலி கணீரென்று முன்னால் வந்து நிற்கும். 6 வி 6 என்பது 1930-களிலேயே அமெரிக்காவில் வந்தது. ஒன்று இருந்தால் 4, 5 வாட்; இரண்டு இருந்தால் 12 முதல் 20 வாட் வரை. ஒலி சற்று மென்மையாக, உருண்டையாக இருக்கும். 6 எல் 6, இ.எல்.34 ஆகிய இரண்டும் பெரியவை. இரண்டு வால்வு சேர்ந்தால் 40, 50 வாட் வரை தரும். இவை பெரிய மேடைக்கு உரியவை. இவற்றைத் தாங்க மின்மாற்றியும் பெரிதாக வேண்டும். எடையும் விலையும் கூடிவிடும். ஆகவே சிறிய கருவி தேடுவோர் முதல் இரண்டு வகையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே நலம்.

இங்கேதான் வாட் கணக்கின் சூட்சுமம் இருக்கிறது. வாட் இரு மடங்கானால் ஒலியும் இரு மடங்காகக் கேட்கும் என்று பலரும் நினைக்கிறோம். நமது காது அப்படி அமையவில்லை. ஒலி இரு மடங்காகத் தோன்ற வேண்டுமானால், ஆற்றல் ஏறத்தாழ பத்து மடங்காக வேண்டும். 5 வாட் கருவியைவிட 50 வாட் கருவி ஏறத்தாழ இரு மடங்கே உரக்கக் கேட்கும். 15 வாட்டுக்கும் 30 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு 3 டெசிபெல்தான். கவனித்துக் கேட்டால் தெரியும், அவ்வளவே.

அந்த 3 டெசிபெல்லை வேறு வழியிலும் பெறலாம். ஸ்பீக்கர் விவரத்தாளில், ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபெல் என்று குறித்திருப்பார்கள். 97 என்று குறித்த ஸ்பீக்கருக்கு 30 வாட் கொடுப்பதும், 100 என்று குறித்த ஸ்பீக்கருக்கு 15 வாட் கொடுப்பதும் ஒலியளவில் ஒன்றுதான். ஆகவே, பெரிய கருவிக்கு ஆசைப்படுவதற்கு முன் நல்ல ஸ்பீக்கரைத் தேடுங்கள். ஸ்பீக்கர் தாங்கும் வாட், கருவியின் வாட்டைவிடக் கூடுதலாக இருக்கட்டும். 15 வாட் கருவிக்கு 25 அல்லது 30 வாட் தாங்கும் ஸ்பீக்கர் பொருத்தம். முழு வேகத்தில் முடுக்கும்போது வால்வுக் கருவி தன் குறித்த அளவையும் தாண்டும் என்பதே அதற்குக் காரணம்.

அடுத்தது பெட்டி. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே இழுக்கிறது. பெட்டி இல்லாவிட்டால், முன்னால் வரும் தாழ்ந்த ஒலியைப் பின்னால் வரும் ஒலி வந்து அழித்துவிடும். ஸ்பீக்கரை வெறுமனே மேசைமேல் வைத்தால் ஒலி சக்கையாக இருப்பது இதனால்தான். பின்புறம் திறந்த பெட்டியில் ஒலி நாலாபக்கமும் பரவும். சிறிய அறைக்கு இதமாக இருக்கும். பின்புறம் மூடிய பெட்டியில் தாழ்ந்த ஒலி இறுக்கமாகி, நேர் முன்னே பாயும், மண்டபத்திற்கு ஏற்றது. 8 அங்குல ஸ்பீக்கர் படிக்கப் போதும். 12 அங்குல ஸ்பீக்கர் என்றால் கித்தாரின் தடித்த கம்பிக்கும் உரிய கனம் கிடைக்கும்.

பெட்டிக்கு 18 மில்லிமீட்டர் தடித்த ஒட்டுப்பலகை சிறந்தது. மரத்தூள் அழுத்திச் செய்த பலகை மலிவு. ஆனால் மெர்போக் ஆற்றங்கரைச் சதுப்பு நிலத்து ஈரக் காற்றில் அது ஊதி உதிர்ந்துவிடும். நாம் பால் எடுத்த ரப்பர் மரமும் இன்று மேசை நாற்காலியாகிக் கப்பலேறுகிறது. அந்தப் பலகையிலும் பெட்டி செய்யலாம். மருந்திட்டு நன்கு உலர்த்திய பலகையா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையேல் பூஞ்சணமும் வண்டும் புகுந்துவிடும். மூலைகளைப் பசையிட்டு இறுக்குங்கள். ஒரு திருகாணி தளர்ந்திருந்தாலும் ஒவ்வொரு சுரத்திலும் அது உடன் பாடும்.

கருவியின் பின்புறத்தில் 4, 8, 16 என்று ஓம் கணக்கு எழுதியிருக்கும். ஸ்பீக்கரின் ஓமும் அதுவாகவே இருக்க வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்க இணைப்பாகக் கட்டினால் 4 ஓம். தொடர் இணைப்பாகக் கட்டினால் 16 ஓம். வால்வுக் கருவியை ஸ்பீக்கர் இல்லாமல் ஒருபோதும் இயக்கக் கூடாது. விலையுயர்ந்த மின்மாற்றி எரிந்துபோகக் கூடும்.

பெற்றோர்களே, இப்போது சொல்வதைத் தயவுசெய்து மனத்தில் இருத்துங்கள். வால்வுக் கருவியின் உள்ளே 300 வோல்ட்டுக்கும் மேலான மின்சாரம் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். தொட்டால் உயிரைக் குடிக்கும். பெட்டியைத் திறக்கும் வேலையை அது தெரிந்த பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள். பெரிய வால்வுகளை மாற்றும்போது இரண்டையும் ஒத்த சோடியாக வாங்கி, மின்னோட்ட அளவையும் அவரிடமே சரிசெய்து கொள்ளுங்கள். காலில் பொருந்துகிறது என்பதற்காக ஒரு வகை வால்வின் இடத்தில் மற்றொன்றைச் செருகக் கூடாது.

மூன்று முள் பிளக்கில் மண்ணிணைப்புக் கம்பியை வெட்டிவிட்டால் இரைச்சல் குறையும் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். கித்தாரின் கம்பிகள் கருவியின் உடலோடு இணைந்திருப்பவை. மண்ணிணைப்பு இல்லாத கருவியில் கோளாறு ஏற்பட்டால், மின்சாரம் பிள்ளையின் விரல் வழியாகத்தான் இறங்கும். அமெரிக்காவிலிருந்து வந்த பழைய கருவியானால், அது 120 வோல்ட்டுக்கு உரியதா என்று பார்க்காமல் நம் வீட்டு மின்சாரத்தில் செருகக் கூடாது.

கடைசியாக ஒன்று. ஒரு வாட் ஆற்றலில் 100 டெசிபெல் என்றால், புல்வெட்டும் இயந்திரத்தின் அருகில் நிற்பதற்குச் சமம். 5 வாட் வால்வுக் கருவியே லயத்து வீட்டின் சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்குள் புகும். அங்கே, விடிவதற்கு முன் எழுந்து மரம் சீவப் போக வேண்டிய ஒருவர் படுத்திருப்பார். அவர் உறங்கினால்தான் மறுநாள் கத்தி தவறாது; சம்பளமும் குறையாது. இரவில் பழகுவதற்குக் காதில் மாட்டும் கருவி பொருத்தக்கூடிய சிறிய டிரான்சிஸ்டர் கருவி போதும். புதிதாகப் பழகும் பிள்ளைக்கு முதலில் அதுவே சிக்கனம். இரண்டு மூன்று ஆண்டு பழகி, குழுவோடு வாசிக்கத் தொடங்கிய பிறகு, இரண்டு இ.எல்.84 அல்லது 6 வி 6 வால்வு, ஒரு நல்ல 12 அங்குல ஸ்பீக்கர், உறுதியான ஒரு பெட்டி என்று வாங்கிக் கொடுங்கள். ஆலயத் திருவிழா மேடையில் அதைத் துணிந்து வைக்கலாம். தொலைவில் உள்ளவர்களுக்கும் கேட்க வேண்டுமானால், ஒலிவாங்கி ஒன்றைப் பெட்டியின் முன் வைத்தால் மண்டபத்துப் பெரிய ஒலிபெருக்கி மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

பிள்ளைகளின் இசை வளரட்டும். அண்டை வீட்டாரின் உறக்கமும் கெடாதிருக்கட்டும்.