பிடித்த செய்தியும் உண்மைச் செய்தியும்



நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் (ரலி) பால்குடிப் பருவத்தில் மரணித்த அன்று மதீனாவில் சூரிய கிரகணம் பிடித்தது. அந்த மவ்த்துக்காகத்தான் சூரியனே இருண்டது என்று மக்கள் பேசினார்கள். அன்பினால் வந்த பேச்சு. நபிக்குப் பெருமை சேர்க்கும் பேச்சு. ஆனாலும் அந்தத் துக்கத்திலும் நபியவர்கள் அதை மறுத்தார்கள். கிரகணம் அல்லாஹ்வின் அத்தாட்சி, எவருடைய மரணத்துக்காகவும் அது பிடிப்பதில்லை என்று தெளிவுபடுத்தினார்கள்.

நமக்குப் பிடிக்காத செய்தியைத் துருவித் துருவி விசாரிக்கிறோம். நம் விருப்பத்துக்கோ பயத்துக்கோ தோதாக வந்தால் அப்படியே அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறோம். 2017-இல் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போட்டபோது, வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பல பெற்றோர் தயங்கினார்கள். அனுப்பியவர் யாரென்று கேட்கவில்லை. கர்ப்பிணிக்கு ரூபெல்லா வந்தால் வயிற்றுப் பிள்ளையின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம். நாம் நம்பவில்லை என்பதற்காக நோய் விலகிப் போகாது.

தீயவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்கும்படி சூரா ஹுஜுராத்தின் 6-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அறியாமல் பிறருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்தாதிருக்கவே அந்தக் கட்டளை. கைப்பேசியில் விரல் வைக்குமுன் இதை நினைப்போம். பிள்ளைகள் விஷயத்தில் மருத்துவரைக் கேட்போம்.

உண்மையை ஏற்கும் உள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.